வயிறு கெட்டவர்கள் சொல்லும் முதல் பொய்

மருந்துக்கடைக் கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கிற பிழைப்பில் ஒரு விசேஷம் உண்டு: யார் எதைத் தின்றாலும் மறுநாள் பஞ்சாயத்து நம்மிடம்தான் வரும்.

ஷார்ஜா முவைலாவில் ஒரு சின்ன மருந்துக்கடையில் நான் பார்மசிஸ்ட். ஊர் தூத்துக்குடி, பேர் செல்வி. தமிழர்களுக்கு நான் சிஸ்டர், பெங்காலிகளுக்கு மேடம், அவசரக்காரர்களுக்கு டாக்டர். நான் டாக்டர் இல்லை, டாக்டர் மாடியில் கிளினிக்கில் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைக்கே மருந்து வாங்க வேண்டியதாகிவிட்டது. கல்லாவில் இருப்பவள் நிரோஷா, பருத்தித்துறைக்காரி. அவள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் யாருக்காவது வலிக்கும்.

எங்கள் கடையை ஒட்டின மாதிரி செய்யது காக்காவின் கஃபட்டேரியா. கீழக்கரைக்காரர், அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். டீ, பொரோட்டா, மதியம் சோறு, விடுமுறை நாளில் பிரியாணி. அவருக்கு இந்த நாட்டில் உள்ளதெல்லாம் அந்த ஒரு கடைதான். இங்கே சாப்பாட்டுக் கடை மேல் முனிசிபாலிட்டிக்குப் பிராது போனால் ஆள் வந்து பார்ப்பார்கள், தப்பு இருந்தால் பூட்டிவிடுவார்கள். தப்பே இல்லை என்றாலும் ஒரு தடவை பேர் கெட்டால் ஜனம் எதிர்ச் சாரியில் நடக்க ஆரம்பித்துவிடும். வயதான காலத்தில் அவர் புதிதாக என்னத்தைத் தொடங்குவது? அந்தக் கடை கிட்டத்தட்டப் போய்ச் சேர இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன்னால் வேறு சில வயிறுகளும் குறுக்கே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் வளைகுடாவில் ரூம் எடுத்துத் தங்கினவர் என்றால் இதில் உங்கள் வயிறும் எங்கேயாவது இருக்கும்.

அடைக்கிற மாத்திரை

கட்டட வேலைக்குப் போகிறவர்களின் கம்பெனி பஸ் எங்கள் கடைக்கு எதிரே நின்று ஆள் ஏற்றும். ஒரு நாள் காலையில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விழுப்புரத்துக்காரர் ஒருவர் ஓடி வந்தார். “சிஸ்டர், அடைக்கிற மாத்திரை ஒண்ணு குடுங்க, ஜல்தி.” காய்ச்சல் இருக்கா, ரத்தம் கலந்து போகுதா என்று கேட்டேன். அவருக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். “ரத்தமா? சேச்சே, என்ன சிஸ்டர் நீங்க” என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு கவுண்ட்டர் மேல் சாய்ந்து, “லேசா” என்றார்.

அந்த “லேசா”வைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். காய்ச்சல் அடித்தாலோ ரத்தம் கண்டாலோ பேதியை அடைக்கிற மாத்திரை போடவே கூடாது. உடம்பு தள்ளப் பார்க்கிற விஷத்தை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை அது. இதைச் சொல்லி, உப்புச் சர்க்கரைப் பொடியை எடுத்துக் கொடுத்து, நேரே மாடிக்குப் போய் டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சொல்றது கரெக்ட்தான் சிஸ்டர். ஆனா எனக்கு டூட்டி பதினோராவது மாடி, பாத்ரூம் தரையில. நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

ஒரே மூச்சில்

வாந்தியும் பேதியுமாக வருகிறவருக்கு முதல் மருந்து நீர்தான். உப்புச் சர்க்கரைப் பொடியைச் சுத்தமான தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்குக் கரைத்து, ஒவ்வொரு மடக்காக, வாயை நனைக்கிற மாதிரி குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும் மடக்கு மடக்காகத் தொடங்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதை நான் தமிழ், ஹிந்தி, மலையாளம், கைஜாடை என்று எல்லாவற்றிலும் சொல்லிப் பார்த்தாயிற்று.

தஞ்சாவூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு பொடியைப் பாட்டிலில் கரைத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “கலாஸ்” என்றார், முடிந்தது என்பதற்கு இங்கத்து அரபு. வாசல் வரைக்கும் நடந்தார். எடை பார்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் திரும்பி வந்தார். அந்த மருந்து தங்கவில்லையாம். அதனால் கலர் சோடாவில் உப்பைப் போட்டு அதையும் ஒரே மூச்சில் குடித்தாராம், அதுவும் தங்கவில்லையாம். அத்தனை சர்க்கரை போனால் பேதி இன்னும் கூடும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன். வேறு கம்பெனி மருந்து ஏதாவது இருக்கிறதா என்று அவர் அலமாரியைப் பார்த்துக் கேட்டார். நிரோஷா கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“அக்கா, உந்த அண்ணைக்கு மருந்து வேண்டாம். ஒரு தேக்கரண்டி குடுத்து விடுங்கோ.”

பால்கனி

இனி அந்த முதல் பொய்க்கு வருகிறேன். “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் வயிறு கெட்டவர்கள் எல்லாரும் ஒரே திசையில் கையைக் காட்டுவார்கள். அந்தக் கை பக்கத்துக் கஃபட்டேரியாப் பக்கம்தான் நீளும். காசு கொடுத்து வெளியில் வாங்கின எதைச் சொன்னாலும் யார் மனதும் நோகாது, பாருங்கள்.

குளிர்காலத்தில் ஒரு அம்மா பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். நல்ல படித்த குடும்பம். பிள்ளைக்கு ராத்திரியிலிருந்து வாந்தி. “பக்கத்துக் கடை சிக்கன் ரோல்தான் மேடம். இவங்களையெல்லாம் ஏன் விட்டு வெச்சிருக்காங்கன்னே தெரியல” என்று பொரிந்தார். நான் பிள்ளையின் நாக்கைப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. அழுதால் கண்ணீர் வருகிறதா, ஒன்றுக்குப் போகிறாளா, சுறுசுறுப்பாக இருக்கிறாளா, தூங்கித் தூங்கி விழுகிறாளா என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு நீர் வற்றுவது மளமளவென்று நடக்கும், இதெல்லாம் பார்த்தே ஆகவேண்டும். எல்லாவற்றுக்கும் அம்மா பதில் சொன்னார். கடைசியில் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

“ஆன்ட்டி, அந்த ஷாப்ல நாங்க எதுவுமே வாங்கல. பர்த்டே பார்ட்டிக்கு ஃப்ரிட்ஜ் ஃபுல், ஸோ அம்மா சிக்கனை பால்கனில வெச்சாங்க. அங்க புறா எல்லாம் வரும்.”

கடைக்காரரின் வயிறு

ஒரு நாள் செய்யது காக்காவே வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஏதோ திருட்டுச் சாமான் வாங்க வந்தவர் மாதிரி நுழைந்தார். அஜ்மானில் சொந்தக்காரர் வீட்டு விருந்தாம், வந்ததிலிருந்து வயிற்றால் போகிறதாம். சொல்லும்போதே, “அவங்க வீட்டுச் சாப்பாட்டுல ஒண்ணும் குறை இல்ல தங்கச்சி, வெயில்தான் ஒத்துக்கல” என்று அவர்களுக்கு நற்சான்று வேறு கொடுத்தார். இவரும் நம் ஆள்தானே!

மருந்தைக் கொடுத்துவிட்டு, கேட்கமாட்டார் என்று தெரிந்தே ஒரு விஷயம் சொன்னேன். வயிற்றால் போகிறவர் அடுத்தவர் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. நின்ற பிறகும் ரெண்டு நாள் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. எந்தக் கடை முதலாளி இதற்குச் சம்மதிப்பார்? காக்கா சம்மதித்தார். நேரே போய்க் கரண்டியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, கடைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வெயிலில்! ஒரு டீ கிளாசைக்கூடத் தொடவில்லை. ஏன் காக்கா இங்கே இருக்கீங்க என்று கேட்டவர்களிடமெல்லாம் காத்து வாங்குகிறேன் என்றார். எனக்கு அந்த மனுஷன் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான். உள்ளே வந்து எங்கள் ஏசியிலாவது உட்காருங்கள் என்று கூப்பிட்டேன்.

“வேணாம் தங்கச்சி. டீக்கடைக்காரன் மருந்துக்கடையில உக்காந்திருக்கறத நாலு பேரு பாத்தா, நாளைக்கு நான் போடுற டீயை நானேதான் குடிக்கணும்.”

பிரியாணி மேல் பிராது

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விடுமுறை நாள் காலையில் அன்பரசன் வந்தான். புதுக்கோட்டைப் பக்கம், ஏசி மெக்கானிக், பின் தெருவில் சிநேகிதர்களோடு ரூமில் இருக்கிறவன். முகம் வெளிறி, கண் உள்ளே போய், ஆனால் குரல் மட்டும் குறையாமல் வந்தான். ரூமில் எல்லாரும் படுத்துவிட்டார்களாம், வாந்தி, பேதி, வயிற்று முறுக்கல். “பக்கத்துக் கடை பிரியாணி சிஸ்டர். நேத்து வாங்குனோம். நான் வீடியோவே போட்டுட்டேன்.” முவைலாத் தமிழர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. சாயந்திரத்துக்குள் முனிசிபாலிட்டிக்கும் போன் போடப் போவதாகச் சொன்னான்.

சந்தேகம் இருந்தால் பிராது கொடுப்பது சரியான காரியம்தான், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முறை இருக்கிறது. மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் மூடி, யாரும் தொடாதபடி ஃப்ரிட்ஜில் தனியாக வை. யார் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று பார். பிரியாணி மட்டும் இல்லை, அதற்கு முந்தின நாள் தின்றது வரைக்கும் யோசித்துச் சொல். ஏனென்றால் சில விஷம் தின்ற கொஞ்ச நேரத்தில் காட்டும், சில ரெண்டு மூணு நாள் கழித்துக் காட்டும். இத்தனையும் சொன்னேன். “பிரியாணிதான் சிஸ்டர், வேற ஒண்ணுமே இல்ல” என்றான். அந்த “ஒண்ணுமே” கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது.

மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே போனவன், கஃபட்டேரியா முன்னால் நின்று இன்னொரு வீடியோ எடுக்க ஆரம்பித்தான். குரூப்பில் ஏச்சு வந்ததை யாரோ காக்காவுக்கு ஏற்கெனவே காட்டியிருந்தார்கள். வாடிக்கையாக டீ குடிப்பவர்கள்கூட அன்று எட்டவே நின்றார்கள். காக்கா கல்லாவை விட்டு இறங்கி வந்து, அவன் போனைப் பார்த்தார், கடை போர்டை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

“தம்பி, வெயில் நேரா அடிக்குது, போர்டு சரியா விழாது. இந்தப் பக்கம் நிழல்ல நின்னு எடுங்க.”

பிரியாணியே சாப்பிடாதவர்

மதியம் அன்பரசன் மறுபடி வந்தான். ரூமில் இன்னொருவருக்கும் ஆரம்பித்துவிட்டதாம், இன்னும் மருந்து வேண்டும். யார் என்றேன். ரொட்டிக் கம்பெனியில் நைட் டூட்டி பார்க்கிற அண்ணன் ஒருவர். “அவரும் பிரியாணி சாப்பிட்டாரா?” என்று கேட்டேன். “இல்ல சிஸ்டர், அவரு டூட்டில இருந்தாரு, பிரியாணி காலி ஆயிடுச்சு. காலைல வந்து ரூம்ல இருந்ததச் சாப்பிட்டாரு.” சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான்.

“ரூம்ல என்னய்யா இருந்தது?”

என் குரலில் என்ன இருந்ததோ, நிரோஷா பில் போடுவதை நிறுத்திவிட்டாள். அன்பரசன் மெதுவாக விஷயத்தை அவிழ்த்தான். அவர்கள் ரூமில் மணிகண்டன் என்று ஒருவன். லீவில் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறான். புதுப் பெண்டாட்டி சரண்யா, ரூம் சிநேகிதர்களுக்கென்று தன் கையால் இறால் தொக்கு செய்து, டப்பாவில் அடைத்து, பேப்பர் சுற்றி, பிரௌன் டேப் ஒட்டி, பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறாள். மணி வந்துவிட்டான், பெட்டி வரவில்லை. நடுவில் விமானம் மாறுகிற இடத்தில் தங்கிவிட்டது. மணி வந்து ரெண்டு நாள் கழித்து, நேற்றுத்தான் கைக்கு வந்திருக்கிறது. அதற்குள் எந்தெந்த வெயிலில் கிடந்ததோ!

நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஊரிலிருந்து வந்த டப்பாவைத் திறந்தால் ரூமே வட்டமாக உட்கார வேண்டும். ஒருவன் மூக்கைச் சுளிக்கக் கூடாது. ஆனாலும் எல்லாருக்கும் வாடை தெரிந்திருக்கிறது. “நல்லா கொதிக்க வெச்சுத்தான் சிஸ்டர் சாப்பிட்டோம்” என்றான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அது கக்கி வைத்த விஷம் சாகாது, அட மடையா! ஊரெல்லாம் ஒரு மனுஷன் பேரை நாறடித்துவிட்டு இதைக் காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

“அதெல்லாம் சந்தேகப்பட்ட சாப்பாட்டுல சேராது சிஸ்டர். அது வீட்டுல இருந்து வந்தது.”

கஞ்சி

மணி எங்கே என்று கேட்டேன். எழுந்தால் தலை சுற்றுகிறதாம், படுத்தே கிடக்கிறானாம். காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லையாம். குடித்த தண்ணீர் தங்காமல், சிறுநீர் வராமல், எழுந்து நிற்க முடியாமல் ஒருவன் கிடந்தால் அதற்குமேல் மருந்துக்கடையில் வேலை இல்லை. இப்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று விரட்டினேன். கைத்தாங்கலாக மாடிக்குக் கொண்டுவந்தார்கள், கடையை நிரோஷாவிடம் விட்டுவிட்டு நானும் கூடவே ஏறினேன். மற்றவர்களைவிட அவனுக்கு ஏன் இவ்வளவு முற்றியது என்பது வழியிலேயே தெரிந்தது. மிச்சத்தைக் கொட்ட மனசு வராமல், வயிறு கெட்ட பிறகும் அவன் மட்டும் தின்று தீர்த்திருக்கிறான்.

டாக்டர் டிரிப் ஏற்றிவிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பையன் கண்ணை மூடிக்கொண்டு “பிரியாணி” என்றான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்! நானே டாக்டரிடம் இறாலைச் சொன்னேன். அவர் போன பிறகு மணி என் கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே சொல்லாதீங்க சிஸ்டர், சரண்யாவோட அண்ணன் அந்த குரூப்ல இருக்காரு, தங்கச்சி செஞ்சதைத் தின்னு ஆஸ்பத்திரியில கிடக்கான்னு ஊருக்கே போயிடும், அவ முதல் முதலா செஞ்சது என்று அழுதான். அன்பரசனும் போட்ட வீடியோவை நீக்கத் தயங்கினான். நீக்கினால் ஏன் நீக்கினாய் என்று கேட்பார்களாம். நல்ல நியாயம். ஒரு பெண் மனசு நோகக் கூடாது என்று ஒரு மனுஷன் அடுப்பை அணைத்துவிடலாமா என்று நான் சண்டைக்கே போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து காக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், கையில் ஃபிளாஸ்க். அவருக்கு இறால் சங்கதி தெரியாது. தன் கடைச் சாப்பாட்டால்தான் ஆகிவிட்டதோ என்று பயந்து, அன்று வடித்த சோறு, கறி அத்தனையையும் கொட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருந்தார். ஃபிளாஸ்க்கில் இருந்தது அவர் வீட்டில் காய்ச்சின கஞ்சி. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை மூடியில் ஊற்றினார். மணி அதை வாங்கக் கை நீட்டவில்லை. காக்கா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்.

“பயப்படாதீங்க தம்பி, நான் முதல்ல குடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீங்க குடிங்க.”

சரண்யா

குடித்தும் காட்டினார். அதற்குமேல் மணியால் முடியவில்லை. “காக்கா, உங்க பிரியாணி இல்ல. எங்க வீட்டுத் தொக்கு” என்று சொல்லிவிட்டுத் தேம்பினான். காக்கா மூடியைக் கையில் வைத்தபடியே இருந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று மட்டும் சொன்னார்.

மணியின் போன் அடித்தது. சரண்யா. கையில் டிரிப் ஊசி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு நான் பிடித்துக்கொண்டேன். “ஏங்க, தொக்கு எல்லாரும் சாப்பிட்டாங்களா? உப்பு சரியா இருந்துச்சா? கேட்டா பதிலே காணோம்” என்றது அந்தப் பிள்ளையின் குரல். மணி காக்காவைப் பார்த்தான். பிறகு பெட்டி தாமதமானது, வாடை வந்தது, எல்லாரும் படுத்தது, பக்கத்துக் கடை மேல் பழி போட்டது, தான் டிரிப்பில் கிடப்பது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் நாங்கள் நினைத்ததற்கு இல்லை. “கெட்டுப்போனத எதுக்குங்க தின்னீங்க? உங்க யாருக்கும் மூக்கு இல்லையா?” மணி, நீ ஆசையா செஞ்சது எப்படிப் புள்ள கொட்டுறது என்று இழுத்தான். “குப்பையில போட்டிருந்தா அடுத்த தடவ இன்னும் நல்லா செஞ்சு குடுத்திருப்பேன். உங்களுக்கு ஒண்ணு ஆனா நான் எங்கங்க போவேன்? எனக்குத் தொக்கா முக்கியம்?” என்று வெடித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒன்று கேட்டாள், அந்தக் கடைக்காரருக்கு இப்ப என்ன ஆச்சு? கடையைச் சாத்திட்டாரு என்று மணி சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

நான் கீழே வந்து கவுண்ட்டரில் நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம், கூடவே இறங்கி வந்த அன்பரசனின் போனில் குரூப் சத்தம் போட்டது. சரண்யாவின் அண்ணன் நம்பரிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். அண்ணனுக்கு அனுப்பி, அப்படியே குரூப்பில் போடச் சொல்லியிருக்கிறாள். முனிசிபாலிட்டி நம்பரைத் தேடிக்கொண்டு வந்திருந்த இன்னொரு ஆளும் கடையில்தான் நின்றார். அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டு சத்தமாக வைத்தான். நிரோஷா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். காக்காவும் மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றிருந்தார்.

“வணக்கம், நான் மணிகண்டன் சம்சாரம் சரண்யா பேசுறேன். அந்தக் கடை பிரியாணில ஒண்ணுமே இல்ல. நான் குடுத்துவிட்ட இறால் தொக்கு பெட்டி லேட்டானதுல கெட்டுப்போச்சு, கெட்டதுன்னு தெரிஞ்சே இவங்க தின்னுட்டாங்க. கடைக்காரர் அண்ணனத் திட்டுன அத்தன பேரும் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. என்னையத் திட்டணும்னா எங்கண்ணங்கிட்ட நம்பர் வாங்கிக்கங்க, நான் வீட்டுலதான் இருக்கேன்.”

அன்று சாயந்திரம் காக்கா ஷட்டரைத் தூக்கினார், முதல் டீயை அன்பரசன்தான் வாங்கி, எல்லாரும் பார்க்கக் குடித்தான்.

வயிறு கெட்டால் நீர் குடி, கெட்டதைத் தனியாக எடுத்து வை, முற்றினால் டாக்டரிடம் ஓடு என்று எனக்குக் கல்லூரியில் எல்லாம் சொல்லித் தந்தார்கள், வீட்டுக்கு ஒரு போன் போடு என்கிற மருந்தை மட்டும் பாடத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.